யாருக்கும் கொடுக்காத புத்தகம்

நூலகச் சுவரைப் பிளந்துகொண்டு அரசமரத்தின் வேர் அலமாரிக்குள் வந்திருந்தது. அதில் செம்பு நிறத்தில் ஒரு தளிர். அதையே பார்த்தபடி, பக்கத்திலிருந்த தடித்த புத்தகத்தைப் பாதி உருவினேன். சுவர் முனகியது. தோளில் காரை உதிர்ந்தது.

"அசையாதீங்க மேடம்," என்றார் நூலகர் தங்கமாரி, தாழ்ந்த குரலில். "அத யாருக்கும் குடுக்கிறதில்ல. அதுதான் செவுத்தத் தாங்கிட்டிருக்கு. அப்படியே உள்ள அழுத்திப் பிடிங்க. பிள்ளைங்கள வெளிய அனுப்பிட்டு வந்துடறேன்."

அழுத்திப் பிடித்தேன். புத்தகம் என் உள்ளங்கையைத் தள்ளியது. அடுத்த அறையில் நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு சிறுமி மட்டும் கதைப் புத்தகத்தோடு இந்தப் பக்கம் வந்தாள்.

"எல்லாரையும் ஏன் ஆன்ட்டி போகச் சொல்றாங்க?"

"நீயும் போ கண்ணு." கையை எடுக்காமலே சொன்னேன்.

"இன்னும் கொஞ்சந்தான் இருக்கு," என்றவள், அதே அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கதையை விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.