தபால் அட்டைக்கு மாலை

ஆயுத பூஜையன்று, சுகந்தி வீட்டில் புதிதாக வேலைக்கு வந்திருந்த அஞ்சலை, அங்கிருந்த பீரோ, மிக்ஸி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பழைய தபால் அட்டைக்கும் பொட்டு வைத்து, கதம்பச் சரத்தை மாலையாகப் போட்டுவிட்டாள். அட்டையில், பாலே நடனம் ஆடும் வெளிநாட்டுப் பெண்ணொருத்தியின் ஓவியம். போகிறவள் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்ப்பதுபோல் இருப்பாள். சுகந்தியின் மகள் நர்மதா சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனபோது அதை மட்டும்தான் மேஜைமேல் விட்டுப் போயிருந்தாள். "தெனம் இது முன்னால நின்னு அழுவுறீங்களேம்மா, செத்துப்போனவங்கன்னு நெனச்சிட்டேன்" என்றாள் அஞ்சலை. "எம் பொண்ணு உசுரோட இருக்கா. மொதல்ல அதக் கழட்டு." சுகந்தி சரத்தைக் காட்டினாள். அதற்குள் அவள் கணவர் குளித்துவிட்டு வந்தார். மகள் போனதிலிருந்து அவள் பெயரைக்கூட எடுக்காதவர். மாலையை யார் போட்டதென்று அவர் கேட்கவில்லை. ஒரு பக்கம் சரிந்திருந்த சரத்தை நேராக்கிவிட்டு, கண்களை மூடிக் கைகூப்பினார். கழற்ற நீட்டிய கையை அஞ்சலை மெல்ல இழுத்துக்கொண்டாள். "ஏங்க," என்றாள் சுகந்தி, "உங்களுக்கு யாராவது போன் பண்ணாங்களா?" அவர் கண்களைத் திறக்கவில்லை.