திறந்த வாய்க்கு நற்செய்தி

பல் டாக்டர் நற்செய்தி சொல்ல ஆரம்பித்தபோது பேருந்து ஓட்டுநரின் வாய் திறந்திருந்தது.

வாய்க்குள் ஒரு சிறிய கண்ணாடி, எச்சிலை உறிஞ்சும் குழாய், டாக்டரின் இரண்டு விரல்கள். மறுத்துப் பேச இடமில்லை.

டாக்டருக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. தெருவில் துண்டுப் பிரசுரத்தை நீட்டினால் ஆட்கள் நடையைக் கூட்டிவிடுகிறார்கள். இந்த நாற்காலியில் படுத்தவர் ஒருவர்கூட இதுவரை பாதியில் எழுந்து போனதில்லை.

நாளை அழைப்பு ஞாயிறு. சபையில் ஆண்டுக்கு ஒருமுறை வருவது. ஒவ்வொருவரும் ஒரு புதியவரைக் கையோடு கூட்டி வர வேண்டும். போதகர் பெயர் சொல்லும்போது இருவரும் சேர்ந்து எழுந்து நிற்க வேண்டும்.

நற்செய்திக் குழுவின் தலைவரே நம் டாக்டர்தான். மூன்று ஆண்டுகளாக அவர் தனியாக எழுந்து நிற்கிறார். போன ஆண்டு போதகர் அவர் பெயரைக் கொஞ்சம் வேகமாகவே சொல்லிக் கடந்துவிட்டார். வீடு வந்து சேரும்வரை மனைவி வாயே திறக்கவில்லை.

இப்போது சனிக்கிழமை மத்தியானம். ஓட்டுநர்தான் கடைசி ஆள்.

ஊசி போட்டால் ஈறு மரத்துப்போகப் பத்து நிமிடம் ஆகும். டாக்டரின் சாட்சி, அதாவது கல்லூரி நாட்களில் தொடங்கி அவர் மனம் திரும்பியது வரைக்குமான கதை, பதினொரு நிமிடம். மற்ற நாட்களில் சாட்சி முடிகிற நேரத்துக்குப் பல்லும் தயாராக இருக்கும். இன்றைக்கு அவசரம். மூன்றாவது நிமிடமே சாட்சியையும் பல் பிடுங்குவதையும் சேர்த்து ஆரம்பித்துவிட்டார்.

மனம் திரும்பிய இடம் வந்தபோது ஓட்டுநரின் கண்களில் நீர் நிறைந்தது.

டாக்டருக்கு உள்ளம் சிலிர்த்தது. கூட்டங்களிலும் இப்படித்தான் தொடங்கும். குரலைத் தாழ்த்தி, நாளைக்கு வருவீர்களா என்று கேட்டார். ஓட்டுநர் தொண்டைக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம் எழுப்பினார். ஆமாம் என்றுதான் டாக்டருக்குக் கேட்டது.

குழாயைப் பிடித்திருந்த உதவியாளர் பெண் ஓட்டுநரின் கால்களைப் பார்த்தாள். காலுறைக்குள் பத்து விரல்களும் மடங்கி இறுகியிருந்தன.

"டாக்டர், அவருக்கு இன்னும் மரக்கல."

டாக்டரின் கை சட்டென்று நின்றது. மன்னிப்புக் கேட்டு இன்னொரு ஊசி போட்டார். இந்த முறை பத்து நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்தபடி பேசாமல் நின்றார். அத்தனை நேரமும் அந்தப் பெண் ஓட்டுநரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் பல் வலியில்லாமல் வந்துவிட்டது.

ஓட்டுநர் வாய் கொப்பளித்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் நீட்டிய அழைப்பிதழை மரியாதையாகத்தான் வாங்கினார். பிறகு வாயின் நல்ல பக்கத்தால் பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க டாக்டர். நான் பஸ்ல யாருக்கும் புத்தி சொல்றதில்ல. ஓடுற வண்டியில இருந்து அவங்க இறங்க முடியாதுல்ல."

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நாளைக்கும் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

ஓட்டுநர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

"கையப் புடிச்சுக்கிட்டு மெதுவா ஜெபம் பண்ணினியே தங்கச்சி, நீ எந்த சர்ச்சு?"

டாக்டர் நிமிர்ந்தார். அவளுக்கு அவர் ஒருநாளும் சாட்சி சொன்னதில்லை. தினமும் பக்கத்தில் நின்று கேட்கிறவள்தானே என்று விட்டுவிட்டார்.

அவள் முகமூடியை இறக்கினாள். டாக்டர் போகிற சபைதான் என்றாள். எட்டு மாதமாக, கடைசிப் பெஞ்சில். போன மாதம்கூட வாசலில் நின்ற டாக்டர், முகமூடி இல்லாததால் அடையாளம் தெரியாமல், அவளுக்குக் கைகொடுத்து, முதல் தடவையாக வருகிறீர்களா என்று விசாரித்தாராம். அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டதால், இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லையாம்.

"வந்த அன்னைக்கே அட்டை எழுதிப் பெட்டியில போட்டேன் சார்."

புதியவர்கள் எழுதிப் போடும் அட்டைகளைப் படித்து, அவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டியது நற்செய்திக் குழுத் தலைவரின் பொறுப்பு. ஓராண்டு அட்டைகளும் டாக்டரின் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்டுப் பத்திரமாக இருந்தன. ஊழியத்துக்கு நடுவே அவற்றைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை.

ஓட்டுநரை வாசல்வரை விட்டுவர அவள் போனாள். நாளைக்கு எத்தனை மணிக்கு என்று அவர் அவளிடம்தான் கேட்டுக்கொண்டு போனார்.

டாக்டர் இழுப்பறையைத் திறந்தார். கை பட்டதும் ரப்பர் பேண்டு இற்று அறுந்தது. அவள் கையெழுத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. நோயாளிகள் வரும் நேரத்தைத் தினமும் எழுதி வைக்கிற அதே உருண்டைக் கையெழுத்து.

'யார் மூலம் வந்தீர்கள்?' என்ற கேள்விக்கு அட்டையில் ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். அவள் ஓரங்களிலும் எழுதியிருந்தாள்.

'எங்கள் பல் டாக்டர் மூலம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருடைய பல்செட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். தன் கைதான் தவறிவிட்டது என்று டாக்டர் அவரிடம் சொல்லி, எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவர் வேறு எதுவும் பேசவில்லை.'