பிரித்துப் போட்ட கியர்பாக்ஸ்

மனைவியின் காரில் ஆட்டோமேட்டிக் கியர் வழுக்க ஆரம்பித்ததும், மெக்கானிக்கான கணவன் கியர்பாக்ஸைத் தானே கழற்றினான். தினமும் மலைப்பாதையில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவள் அவள். இனி அது பழுதில்லாமல் உழைக்க வேண்டும் என்று கெட்டியான கிளட்ச் தட்டுகளும், எண்ணெய் சூடேறாமல் இருக்கப் பெரிய கூலரும் வாங்கினான். அதுவரை அவள் பஸ்ஸில் போய்வந்தாள்.

கியர்பாக்ஸ் மேசையில் பிரிந்து கிடந்தது. வண்டி பூட்டிய பட்டறைக்குள் முட்டுக்கட்டைகளின் மேல் நின்றது. ஒரு காலையில் மீட்டரைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் தூரம் கூடியிருந்தது. மறுநாளும் அதே தூரம் ஏறியிருந்தது. டயரில் ஈரமண் ஒட்டியிருந்தது. பட்டறைச் சாவி அவன் இடுப்பிலேயே இருந்தது.

அவளிடம் சொன்னான்.

"தூக்கமில்லாம வேலை பார்த்தா நம்பரெல்லாம் கண்ணுல ஆடத்தான் செய்யும்" என்று சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி மறுபடி முறுக்கிப் பார்த்தான். எல்லாம் மாட்டி ஓட்டியபோது கியர் சத்தமே இல்லாமல் மாறியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இறங்குமுன் மீட்டரை இன்னொரு முறை பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவள் வண்டியில் கிளம்பினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் நேரத்தில் கூப்பிட்டாள்.

"ஏங்க, வண்டி நல்லாத்தான் ஓடுது. ஆனா நான் நிறுத்துற இடத்துல நம்ம வண்டி நிக்குது. நம்ம நம்பரேதான்."

"நிறுத்திட்டேன்னு சொல்லு. அதுக்கென்ன இப்போ?"

"இல்லைங்க, நான் இன்னும் வண்டிக்குள்ளதான் இருக்கேன்." அவள் குரல் தாழ்ந்தது. "அந்த வண்டியோட கதவு திறக்குது."