சுவரோர மேசை

"புதுச் சூளைக்கு இடம் வேணும். ஓடு தட்டிப் பாக்குற மேசையைச் சுவரோரம் தள்ளுங்க" என்றார், தாராவி ஓட்டுப் பட்டறை முதலாளி ஜெயினுலாப்தீன்.

ஓடு தட்டிப் பார்க்கும் இசக்கி பதறினான். "சுவருக்கு அந்தப் பக்கம் தகரப் பட்டறைல்லா மொதலாளி! அவனுவ அடிக்கிற அடியில, நம்ம ஓடு டங்குங்குதா டப்புங்குதான்னு எப்படிக் கேக்கும்? விரிசல் ஓடும் நல்ல ஓட்டோட சேந்து போயிரும்."

அவன் சூளை வேலைக்கு மாறிக்கொண்டான்.

அவனோடு ஓடு தட்டும் ஷேக் பரீத் மட்டும் சுவரோர மேசை முன் போய் உட்கார்ந்தார். வெந்த ஓட்டை விரல் நுனிகளில் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். மாதம் ஒன்றாகியும் விரிசல் என்று ஒரு ஓடுகூடத் திரும்பி வரவில்லை.

பாராட்டிவிட்டுப் போகலாம் என்று முதலாளி அவர் பின்னால் வந்து நின்றார்.

"பரீத் பாய்!"

திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். பிறகு தோளைத் தொட்டார். பரீதுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மன்னிச்சுக்கிடுங்க மொதலாளி. தகரம் அடிக்கிற சத்தத்துல கேக்கல."

முதலாளி சுவரைப் பார்த்தார். தகரப் பட்டறைக்கு அன்று விடுமுறை. காலையிலிருந்தே பூட்டிக் கிடந்தது.

ஓட்டை ஏந்தியிருந்த அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா பாய்" என்று தலையாட்டினார். "சத்தம் ஜாஸ்திதான்."