புதிய செய்தி இல்லை

"வந்துடுச்சா?" என்றாள் மனைவி.

"வந்தா சொல்ல மாட்டேனா? அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டு உயிரை வாங்காதே!"

ரேடியோ மெக்கானிக் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீட்டு போன் வயரை மோடத்தில் செருகி, சிநேகிதர் தன் கணினியில் நடத்தும், பலரும் போன் வழியாக வந்து எழுதிப் படிக்கும் செய்திப் பலகைக்குள் காலை ஒன்பதுக்கு நுழைந்தவர்தான். கடை திறக்கவில்லை, சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. மற்றவர்களுக்கு அரை மணி நேரம்தான் அனுமதி. பழைய பழக்கத்துக்காக இவருக்கு மட்டும் கெடுபிடி கிடையாது.

மூன்று மாதம் முன்பு, "இனி இந்த வாசப்படி மிதிக்காதே" என்று மகளை விரட்டியவரும் இவரேதான். வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்ட மகள் அந்தப் பலகையைப் படிக்கிறாள் என்று தெரிந்ததும், மனசு கேட்காமல் நேற்று எழுதிவிட்டார். 'கோபத்தில் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்துவிடம்மா. நாளை மாலை ஐந்துக்குள் பதில் போடு. இல்லையென்றால் உனக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.'

"கெடு வைக்காம ஒரு வரி எழுத வராதா உங்களுக்கு?" என்றாள் மனைவி, தையல் மிஷினை நிறுத்திவிட்டு.

அவர் தலைப்புகளின் பட்டியலில் இறங்கினார். பொது அரட்டை, சதுரங்கம், குடும்பம். எங்கே தட்டினாலும் ஒரே வரிதான்: புதிய செய்தி இல்லை. திரும்ப மேலே ஏறி, திரும்ப இறங்கினார்.

"அதிசயமா இருக்கு. அந்தச் சதுரங்கப் பைத்தியம்கூட இன்னைக்கு வாயைத் திறக்கல. காலையிலேருந்து ஒரு ஈ காக்கா எழுதல."

"எல்லாருக்கும் வேலை இருக்காதா? பேசாம அவளுக்கு ஒரு போன் போடுங்களேன்."

"எந்த நம்பருக்கு? கோவிச்சுக்கிட்டுப் போனவ நம்பர் குடுத்துட்டா போனா?"

ஐந்தாக இரண்டு நிமிடம்.

"அவ்வளவுதான். நம்மள வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா."

"அவசரப்படாதீங்க. இன்னும் கொஞ்சம் பாருங்க."

"பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்ததுதான் மிச்சம்!"

எழுத ஆரம்பித்தார். 'சரி. இனி நீ யாரோ, நாங்கள் யாரோ...'

சட்டென்று திரையின் கீழ்ப்பாதியில் வேறு எழுத்துகள் ஓடி வந்தன. பலகை நடத்தும் சிநேகிதர்.

'யோவ், நிறுத்து! இப்பத்தான் ஆபீஸ்லேருந்து வரேன். காலையிலேருந்து நீதான் உள்ளே இருக்கியா? பலகைக்கு இருக்கறதே ஒரே ஒரு லைன்யா, நீ வெளியே போனாத்தான் இன்னொருத்தர் உள்ளே வர முடியும்! பலகைக்குப் போட்டாலும் பிஸி, உங்க வீட்டுக்குப் போட்டாலும் பிஸின்னு, "நான் வரேன்"னு சொல்ல வழியில்லாம உன் பொண்ணு என் வீட்டு இன்னொரு போன்ல அழுதுக்கிட்டிருக்கா. முதல்ல லைனை விடுய்யா!'