கெட்ட நினைப்பு

"என்னண்ணே, ஒரு வருசமா ஆளையே காணோம்? கோழிக் கட்சிக்கு மாறிட்டீங்களா?"

சிங்கப்பூர்த் தேக்கா சந்தையின் மீன்காரன் ஒலி முகம்மது கேட்டான். நான் பையை நீட்டினேன்.

"தலை ஒண்ணு குடு. பெரிசா."

தலை வேண்டும் என்று அனுப்பியவள் கமலம், என் மனைவி. மகன் சக்திக்கு மீன் தலைக் கறி என்றால் உயிர். இன்றைக்குச் சாப்பிட வருவானாம். விடிந்ததும் புளியை ஊறப் போட்டுவிட்டாள்.

எல்லாம் அந்த வகுப்பு செய்த வேலை.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடக்கிறது. மனசைச் சரிப்படுத்துகிறார்களாம். இலவசம். இலவசமாகக் கொடுக்கிற எதையும் நான் நம்புவதில்லை. இருந்தும் கூட்டிப் போனேன். கமலம் சரியாகத் தின்று, தூங்கி மாதக்கணக்காகியிருந்தது. ஆள் பாதியாகிவிட்டாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று பயம்.

பாடம் நடத்துகிறவள் சுபாங்கி என்ற சின்னப் பெண். என்ன நினைப்பு வருகிறது என்று கேட்டாள்.

"பையன் வரவே மாட்டான்னு தோணுதும்மா. எந்நேரமும் அதேதான்" என்றாள் கமலம்.

"அது வெறும் தாட்தான் லா, ஆன்ட்டி. சும்மா ஒரு நினைப்பு. நிஜம் இல்ல."

சொல்லிவிட்டு, கமலத்தின் மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டினாள். கெட்ட நினைப்பு வந்தால் இழுத்துச் சுண்ட வேண்டும். 'போ' என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நல்ல நினைப்பு ஒன்றை வைக்க வேண்டும்.

இதற்குப் படிப்பு வேறு படித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் வீடு முழுக்கச் சுளீர் சுளீர் என்று சத்தம். கமலத்தின் கை தடித்துப்போனது. அப்புறம் சத்தம் குறைந்தது. அப்புறம் நின்றே போனது. கமலம் சாப்பிட்டாள். தூங்கினாள். வருவான், வருவான் என்று முனகிக்கொண்டே துணி மடித்தாள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு என்ன தெரியும்? விஷயத்தைச் சொல்ல அன்றைக்கே வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் கமலம் என் தொடையைப் பிடித்து அழுத்தினாள். மூடிக்கொண்டேன்.

"தலை வாங்குறீங்கன்னா பையன் வர்றான்" என்று சிரித்தபடி ஒலி முகம்மது கத்தியைத் துடைத்தான்.

தலையாட்டி வைத்தேன்.

"எந்த ஊர் மீன்?"

"நம்ம சாங்கிப் பக்கம்தான். காலையில வந்தது. கண்ணைப் பாருங்க, எப்படி முழிக்குது."

பார்த்தேன்.

போன வருடம் சக்தியின் சாம்பலைச் சாங்கிக் கடலில்தான் கரைத்தோம். சட்டியைத் தண்ணீரில் விட்டவன் நான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் மீன் வந்ததில்லை.

"வெட்டவா, அண்ணே?"

"வேற கடல்ல பிடிச்ச மீன் இருந்தா குடு" என்றேன்.