சுதிப் பொட்டி

“எறங்குது மாப்ள”ன்னாரு எங்கப்பா.

எங்க வீட்டுக்காரர் முகம் அப்படியே தொங்கிப் போச்சு.

மொட்டை மாடியில சித்திரை வெயில் கொளுத்துது. எங்க நடுவுல ஒரு பலகை. பலகை மேல மூணு பிஸ்கெட் டின்னு, ஒண்ணுக்கொண்ணு வயரு. ஒரு டின்னுல சத்தம் பொறக்குது, ஒண்ணு சுதியைக் கூட்டும் குறைக்கும், ஒண்ணுல பேட்டரி. எது கெட்டாலும் அதை மட்டும் கழட்டி வேற மாட்டிக்கலாம். மூர்மார்க்கெட்ல கிடைச்ச பழைய இங்கிலீஷ் பத்திரிகையைப் பார்த்து, ரேடியோ ரிப்பேர் பண்ற கையால இவரே செஞ்ச ஒத்து.

நாதஸ்வரத்துக்குப் பக்கத்துல ஒருத்தர் ஒரே சுரத்தை விடாம ஊதிக்கினு நிப்பாரே, அந்த ஒத்து.

அப்பா அதைத்தான் நாதஸ்வரம் வாசிக்கிற பெரியப்பா பக்கத்துல நின்னு காலமெல்லாம் ஊதினாரு. நெஞ்சுல காசம் வந்துது. ஊசி போட்டுப் பொழைச்சாரு, ஆனா மூச்சு போச்சு. மூலையில உக்காந்து சுவரையே பார்த்துக்கினு இருந்த மனுஷனுக்காகத்தான் இவரு இந்தப் பொட்டியைச் செஞ்சாரு. அப்பா அதைத் தோள்ல மாட்டிக்கினு மறுபடி சாமி முன்னாடி போய் நின்னாரு.

அங்கதான் வந்துது வினை. ஒவ்வொரு புறப்பாட்டுலயும் சுதி விலகிச்சு.

பெரியப்பா கலியாணசுந்தரம் நடுவீதியிலயே திரும்பி முறைப்பாரு. அப்பா பதறிப்போய்ச் சுதித் திருகைத் திருகுவாரு. “பொட்டியை நம்ப முடியாது தம்பி, உன் காதைத்தான் நம்பறேன். கையை அது மேலயே வெச்சிக்கினு நில்லு”ன்னுட்டாரு பெரியப்பா.

அந்த ஒரு பேச்சை வெச்சிக்கினுதான் அப்பா உசிரோட இருக்காரு. எங்க வீட்டுக்காரருக்கு அதே பேச்சு செருப்பால அடிச்ச மாதிரி இருந்துது.

ஒரு வருஷமா மாத்தாதது இல்ல. டிரான்சிஸ்டரை மாத்தினாரு. தீவட்டிச் சூடு தாக்குதோன்னு டின்னுக்குள்ள பஞ்சு அடைச்சாரு. ஈயம் பத்தவெச்சு பத்தவெச்சு விரல் நுனியெல்லாம் கொப்புளம். பிள்ளையார்பாளையத்துல பாதி வீட்டு ரேடியோ எங்க கூடத்துல ஊமையா கிடக்குது, தெனமும் ஒருத்தர் வந்து கத்திட்டுப் போறாங்க.

இன்னிக்குக் காலைல சொல்லிட்டாரு. இப்பவும் எறங்கிச்சுன்னா எல்லாத்தையும் பேத்துப் போட்டுடுவேன், இனிமே ஈயக்கோலை இதுக்காகத் தொடமாட்டேன்னு.

திருகு மேல மெழுகை ஊத்தி அசையாமப் பண்ணினாரு. பக்கத்து வீட்ல கெஞ்சித் தறியை நிறுத்த வெச்சாரு. ஆர்மோனியத்தை என் முன்னாடி தள்ளி, இதே சுரத்தை விடாம புடிச்சிக்கினு இருன்னாரு. பொட்டியை உச்சி வெயில்ல வெச்சாரு.

அப்பா டின்னுகிட்ட குனிஞ்சு காதைக் குடுத்தாரு. எறங்குதுன்னுட்டாரு.

இவருக்குச் சுதி புடிபடாது. வயரும் ஈயமும்தான் தெரியும். என் பக்கம் திரும்பினாரு.

“நீ சொல்லு அம்சா. மேளக்காரர் வீட்டுப் பொண்ணு நீ. நீ சொன்னா நான் ஒத்துக்கறேன்.”

ரெண்டு பேரும் என் வாயையே பார்க்கறாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஆர்மோனியத்தைத் தூக்கிக் கீழ வீதியில வீசியிருப்பேன். செய்யறதெல்லாம் நீங்க செஞ்சிட்டு, தீர்ப்பு சொல்ல மட்டும் நானா? நல்லா இருக்குதே நியாயம்!

அப்பாவோட கை மெழுகு ஊத்தின திருகு மேல கிடந்துது. திருப்ப முடியாத திருகை விரலு தடவிக்கினே இருந்துது.

“எறங்குதுங்க”ன்னேன்.

அவரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து முதல் டின்னைத் திறந்தாரு.

அப்பா எழுந்து வந்து அவரு தோளைத் தட்டிக் குடுத்தாரு. பாவம், நல்ல மனசு அப்பாவுக்கு. “மனசு விடாதீங்க மாப்ள. நல்லாத்தான் செஞ்சீங்க. என்ன இருந்தாலும் மிஷினுக்குக் காது ஏது, சொல்லுங்க?”

ஊசி போட்டதுல இருந்து காதுல ஙொய்னு ஒரு இரைச்சல் ஓயவே மாட்டேங்குதும்மான்னு அப்பா ஒருநாள் எங்கிட்ட சொன்னாரு. எங்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. வீதியில அவரு திருகைத் திருப்பினதெல்லாம் அந்தக் காது சொன்னபடிதான்.

என் கை துருத்தியை அமுக்கிக்கினேதான் இருந்துது. நிறுத்தணும்னு தோணல.

ஆர்மோனியமும் பொட்டியும் சேர்ந்து கேட்டுது. நடுவுல ஒரு பட்டிழை நுழைய இடமில்ல. அவரு வயரைப் பிடுங்கற வரைக்கும் ரெண்டும் ஒண்ணாவே இருந்துது.